வார்ம்-அப்: எவ்வளவு நேரம், எந்த வரிசையில், ஏன்?

கேள்வி இதுதான்: "உடற்பயிற்சிக்கு முன்னால் வார்ம்-அப் கட்டாயம் வேண்டுமா? எனக்குக் கிடைப்பதே முக்கால் மணி நேரம். அதில் பத்து நிமிடத்தை இதற்கே கொடுக்க மனம் வரவில்லை. நின்ற இடத்தில் கை காலை நாலு இழுப்பு இழுத்துவிட்டு நேராக ஆரம்பித்தால் ஆகாதா?"

கட்டாயம் வேண்டும். ஆனால் அந்த நாலு இழுப்பு வார்ம்-அப் ஆகாது. நின்ற இடத்தில் தசையை இழுத்துப் பிடிப்பதால் உடல் சூடாவதில்லை, இதயத் துடிப்பும் பெரிதாக ஏறுவதில்லை. உடலைப் பொதுவாகக் கொஞ்சம் சூடாக்கி, பிறகு அன்றைக்குச் செய்யப்போகும் அசைவுகளையே லேசாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போவதுதான் வார்ம்-அப். அப்படிச் செய்தால் அந்தப் பத்து நிமிடமும் பயிற்சிக் கணக்கிலேயே சேரும். ஸ்குவாட் (முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்ய வந்தவர் வெறும் பாரோடு, அதாவது எடை மாட்டாத இரும்புக் கம்பியோடு, பத்து ஸ்குவாட் செய்தால், அது ஸ்குவாட் பழக்கமும்தானே.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். காரணம் தெரிந்தால் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

உடலின் உட்பகுதி 37 டிகிரி செல்சியஸில் இருந்தாலும், சும்மா உட்கார்ந்திருக்கும்போது கை கால் தசைகள் அதைவிடக் குளிர்ந்தே இருக்கும். பெரும்பாலும் 34, 35 டிகிரி. இயங்கத் தொடங்கியதும் முதல் 3 முதல் 5 நிமிடங்களில் தசையின் வெப்பம் மளமளவென ஏறும். 10 முதல் 20 நிமிடங்களுக்குள் அந்த வேகத்துக்குரிய அளவில் நிலைத்துவிடும். தசை ஒரு டிகிரி கூடுதலாகச் சூடானால், குறுகிய நேர வேகமும் விசையும் தேவைப்படும் வேலைகளில் திறன் சுமார் 2 முதல் 5 சதவீதம் வரை கூடுகிறது. சூட்டில் ஆற்றலை உண்டாக்கும் வேதிவினைகள் விரைவாக நடக்கின்றன, நரம்புச் சமிக்ஞை வேகமாகப் பாய்கிறது, ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் தான் சுமந்து வந்த ஆக்சிஜனைத் தசைக்கு எளிதாக விட்டுக்கொடுக்கிறது.

ரத்த ஓட்டக் கணக்கு இன்னும் முக்கியம். ஓய்வில் இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் தசைகளுக்குப் போகிறது. கடுமையான பயிற்சியின்போது ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் போக வேண்டும். குடல், சிறுநீரகம் பக்கம் போகும் ரத்தத்தைக் குறைத்து, தசைக்குள் இருக்கும் நுண்குழாய்களைத் திறந்துவிட உடலுக்கு அவகாசம் தேவை. மிதமான வேகத்தில் இயங்கினாலும் ஆக்சிஜன் பயன்பாடு தேவையான அளவை எட்ட இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். அதுவரை தசை தன் சேமிப்பிலிருந்து கடன் வாங்கித்தான் ஓடுகிறது. புதிதாக ஓடத் தொடங்குபவர்கள் முதல் மூன்று நிமிடத்திலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டு, "எனக்கு ஸ்டாமினாவே இல்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அவர்களில் பலர் ஐந்து நிமிடம் வேகமாக நடந்துவிட்டு ஓடியிருந்தால் நிற்காமல் ஓடியிருப்பார்கள்.

இதயத்துக்கும் இதே அவகாசம் வேண்டும். 1973இல் வெளியான ஓர் ஆய்வில், இதய நோய் அறிகுறி எதுவும் இல்லாத 44 ஆண்களை எந்த முன்னேற்பாடும் இல்லாமல் ட்ரெட்மில்லில் சில விநாடிகள் மிகக் கடுமையாக ஓடவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோரின் இசிஜியில், இதயத் தசைக்கு ரத்தம் போதவில்லை என்று காட்டும் மாற்றங்கள் தெரிந்தன. லேசாக ஓடிவிட்டு அதே ஓட்டத்தைச் செய்தபோது அந்த மாற்றங்கள் வெகுவாகக் குறைந்தன. இதயத் தசைக்கான ரத்த ஓட்டமும் தேவைக்கேற்பத் திறந்துகொள்ள நேரம் எடுக்கும் என்பதே இதன் பொருள். நாற்பதைத் தாண்டியவர்கள் எதைக் குறைத்தாலும் வார்ம்-அப்பைக் குறைக்கக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

மூட்டுகளுக்கு வருவோம். எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக் குழாய் கிடையாது. அசையும்போது அது அழுந்தி விரிந்து, மூட்டுத் திரவத்திலிருந்துதான் சத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அந்தத் திரவம் அசையாமல் இருக்கையில் கெட்டியாகவும், அசைய அசைய இளகியும் நடந்துகொள்ளும். நெடுநேரம் உட்கார்ந்து எழும்போது முழங்கால் இறுகி இருப்பதும், நாலு எட்டு நடந்ததும் சரியாவதும் பெரும்பாலும் இதனால்தான்.

காயம் விஷயத்தில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எந்த வார்ம்-அப் செய்தாலும் காயம் குறையும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. வலுவான சான்று உள்ள ஒன்று கால்பந்துக்காக உருவாக்கப்பட்ட 'ஃபிஃபா 11+'. சுமார் 20 நிமிடம், 15 பயிற்சிகள்: 8 நிமிடம் மெதுவான ஓட்டமும் அதோடு சேர்ந்த அசைவுகளும், 10 நிமிடம் பிளாங்க் (முன்கையையும் கால்விரலையும் ஊன்றி உடலை நேராகப் பிடித்தல்), ஒற்றைக்கால் சமநிலை, ஸ்குவாட், தாவல் போன்றவை, கடைசி 2 நிமிடம் வேக ஓட்டமும் திடீர்த் திரும்பல்களும். நார்வேயில் 13 முதல் 17 வயது வரையுள்ள பெண் வீராங்கனைகளிடம் இதைச் சோதித்த ஆய்வு 2008இல் வெளியானது. கடுமையான காயங்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தன. அங்கே பலன் தந்தது வெறும் சூடு அல்ல. குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாயாமல் நிற்கும் பழக்கத்தை ஒவ்வொரு முறையும் உடலுக்குக் கற்றுக்கொடுத்ததுதான். வாரத்தில் ஒருநாள் செய்து பலன் எதிர்பார்க்க முடியாது.

இன்னொரு எதிர்பார்ப்பையும் குறைத்துக்கொள்ளுங்கள். புதுப் பயிற்சி செய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் வருகிற உடல் வலியை வார்ம்-அப் பெரிதாகத் தடுக்காது. பாரத்தை மெதுவாகக் கூட்டுவதுதான் அதற்கு வழி.

இனி ஸ்ட்ரெச்சிங். ஒரு தசையை நீட்டி அசையாமல் பிடித்திருக்கும் ஸ்ட்ரெச்சை ஒரு நிமிடத்துக்கு மேல் செய்தால், உடனே அடுத்துச் செய்யும் தூக்கலிலும் தாவலிலும் விசை சில சதவீதம் குறைகிறது. 30 விநாடிக்குள் என்றால் பாதிப்பு கவலைப்படும் அளவுக்கு இல்லை. ஆகவே ஏதோ ஓரிடம் இறுக்கமாக இருந்து அது அன்றைய பயிற்சிக்குத் தடையாக இருந்தால் 15 முதல் 20 விநாடி பிடியுங்கள், பிறகு அந்த இடத்தை அசைத்து வேலை வாங்குங்கள். நீண்ட ஸ்ட்ரெச்சை எல்லாம் பயிற்சி முடிந்த பிறகோ தனி வேளையிலோ வைத்துக்கொள்ளலாம். ஜிம்னாஸ்டிக், நடனம் போல மூட்டை முழு எல்லைக்குக் கொண்டுபோக வேண்டிய பயிற்சிகளில் மட்டும் முன்னாலேயே ஸ்ட்ரெச் தேவைப்படும். அப்போதும் உடல் சூடான பிறகுதான்.

வரிசைக்கு வருவோம். இயன் ஜெஃப்ரீஸ் என்ற பயிற்சி வல்லுநர் 2007இல் முன்வைத்த 'ராம்ப்' முறையைப் பல பயிற்சியாளர்கள் பின்பற்றுகிறார்கள். உடலைச் சூடேற்றுதல், தேவையான தசைகளை எழுப்புதல், மூட்டுகளை அவற்றின் முழு வீச்சில் அசைத்தல், கடைசியில் உண்மையான வேகத்துக்கும் பாரத்துக்கும் நெருங்குதல் என்பது அதன் சாரம். வேறு எந்த முறையானாலும் அடிப்படை இந்த வரிசைதான்.

சூடேற்ற 4 முதல் 6 நிமிடம் போதும். வேக நடை, மெல்லோட்டம், சைக்கிள், ஸ்கிப்பிங், ரோயிங் மெஷின், எது வசதியோ அது. அளவு தெரிய எளிய வழி: முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வியர்வையை மட்டும் அடையாளமாக வைக்காதீர்கள். வெயில் நாளில் சும்மா நின்றாலே வியர்க்கும்; குளிர் நாளில் தசை சூடான பிறகும் தோல் உலர்ந்தே இருக்கும். சுடுநீரில் குளித்துவிட்டு வந்தாலும் தசை ஓரளவு சூடாகத்தான் செய்யும், ஆனால் இதயமும் மூச்சும் அசைவின் ஒருங்கிணைப்பும் தயாராவதில்லை.

அடுத்த 3 முதல் 5 நிமிடம் அசைவுகள். கால் வேலை இருக்கும் நாளானால்: சுவரைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் பக்கத்துக்கு 10 முறை வீசுதல், நடந்துகொண்டே லஞ்ச் (ஒரு காலை நீள முன்வைத்து முழங்காலை மடக்கி இறங்குதல்), காலுக்கு 6 முறை, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்தும் குளூட் பிரிட்ஜ் 10 முறை, மேலே 2 விநாடி நிறுத்தி, கணுக்காலுக்குத் தனியாக ஒன்று. அந்தக் கணுக்கால் அசைவைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் பாதத்தை வையுங்கள். குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலை முன்னுக்கு நகர்த்திச் சுவரைத் தொடுங்கள். காலுக்கு 8 முறை. தொட முடியாவிட்டாலோ குதிகால் தூக்கிக்கொண்டாலோ, ஸ்குவாட்டில் கீழே போகும்போது உங்கள் முதுகு முன்னுக்குக் கவிழ்வதற்குக் காரணம் முதுகாக இல்லாமல் கணுக்காலாகவே இருக்கலாம். பலகையில் குதிகாலை ஒரு விரற்கடை உயர்த்தி வைத்து ஸ்குவாட் செய்து பார்த்தால் அப்போதே தெரிந்துவிடும்.

தோள் வேலை இருக்கும் நாளானால்: ரப்பர் பேண்டை மார்புக்கு நேராகப் பிடித்து இரு பக்கமும் விரித்தல் 15 முறை; புஷ்-அப் நிலையில் முழங்கையை மடக்காமல் தோள்பட்டை எலும்புகளை மட்டும் சேர்த்துப் பிரித்தல் 10 முறை; முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்புதல் 12 முறை. பேண்ட் லேசானதாக இருக்கட்டும். இந்தச் சிறு தசைகளை வார்ம்-அப்பிலேயே களைத்துவிட்டால், மல்லாந்து படுத்துப் பாரை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் தோள் மூட்டைப் பிடித்து நிறுத்த ஆள் இருக்காது.

உண்மையான பாரத்துக்குப் படிப்படியாக நெருங்கும் மூன்றாவது கட்டம்தான் அதிகம் தவறவிடப்படுவது, என் கணிப்பில் அதிகப் பலன் தருவதும் அதுவே. எடைப் பயிற்சியில் ஓர் உதாரணம். அன்றைய இலக்கு 80 கிலோ ஸ்குவாட், 5 முறை என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோ வெறும் பாரோடு 10 முறை. பக்கத்துக்கு 10 கிலோ பிளேட் (எடை வட்டு) மாட்டி 40 கிலோவில் 5 முறை. பக்கத்துக்கு 20 போட்டு 60 கிலோவில் 3 முறை. பக்கத்துக்கு இன்னும் 5 சேர்த்து 70 கிலோவில் 1 முறை. பிறகுதான் 80. இப்படி இடைவிடாமல் செய்யும் ஒவ்வொரு சுற்றும் ஒரு செட். முதல் இரண்டு செட்டுக்கு இடையே பிளேட் மாற்றும் நேரமே ஓய்வு. 60க்குப் பின் ஒன்றரை நிமிடம், 70க்குப் பின் 2 முதல் 3 நிமிடம். எல்லாம் சேர்த்து 19 முறைதான், எட்டு நிமிடம் ஆகும். பாரம் ஏற ஏற எண்ணிக்கை இறங்குவதைக் கவனியுங்கள். ஒவ்வொரு படியிலும் பத்துப் பத்தாகச் செய்பவர்கள் 80க்கு வரும்போது களைத்துப்போய், பாரம் அதிகமாகிவிட்டதோ என்று சந்தேகப்படுவார்கள்.

வெறும் பாரோடு செய்யும் அந்த முதல் செட்டை அசட்டையாகச் செய்யாதீர்கள். 80 கிலோவைத் தூக்குவதுபோலவே மூச்சை நிரப்பி, வயிற்றை இறுக்கி, அதே அகலத்தில் பாதங்களை வைத்துச் செய்ய வேண்டும். பாதத்தின் எந்தப் பகுதியில் பாரம் இறங்குகிறது, எந்த முழங்கால் உள்ளே சாய்கிறது, எந்தப் பக்க இடுப்பு தயங்குகிறது என்பதெல்லாம் 20 கிலோவில் தெளிவாகத் தெரியும். 80 கிலோவில் கவனிக்க நேரம் இருக்காது.

தரையில் கிடக்கும் பாரை நிமிர்ந்து தூக்கும் டெட்லிஃப்டில் ஒரு சிக்கல் உண்டு. முழு அளவு 20 கிலோ பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர். அதை மாட்டினால் பார் கெண்டைக்காலின் நடு உயரத்துக்கு வரும். வார்ம்-அப்புக்காகச் சிறிய பிளேட் மாட்டினால் பார் தாழ்ந்துபோய், லேசான பாரத்துக்காக நீங்கள் வழக்கத்தைவிட அதிகம் குனிய நேரிடும். கட்டையோ வேறு பிளேட்டோ அடியில் கொடுத்து அதே உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

இந்த ஏணி அன்றைய முதல் பெரிய பயிற்சிக்குத்தான். அதே தசையின் அடுத்த பயிற்சிக்கு ஒரு லேசான செட் போதும். கால் முடித்துத் தோளுக்குப் போகிறீர்கள் என்றால் தோளுக்கு இரண்டு மூன்று செட் தேவை.

ஓட்டத்துக்கு வேறு கணக்கு. மெதுவான நெடுந்தூர ஓட்டத்துக்குத் தனி வார்ம்-அப் வேண்டியதில்லை. 5 நிமிடம் நடந்து, அடுத்த பத்து நிமிடம் வழக்கத்தைவிட மெதுவாக ஓடினால் அதுவே போதும். வேக ஓட்டம், வேகமும் ஓய்வும் மாறி மாறி வரும் இன்டர்வெல் பயிற்சி என்றால் 10 நிமிடம் மெல்லோட்டம், கால் வீச்சு, முழங்காலை உயர்த்தி ஓடுதல், குதிகால் பின்பக்கம் தொட ஓடுதல் என 20 மீட்டர் தூரத்துக்கு இரண்டிரண்டு முறை. பிறகு நான்கு ஸ்ட்ரைடு: ஒவ்வொன்றும் 15 முதல் 20 விநாடி, வேகத்தை மெல்ல ஏற்றி முழு வேகத்தின் பத்தில் ஒன்பது பங்கை எட்டி மெல்ல இறக்குவது, இடையே ஒரு நிமிடம் நடை. இந்த நான்கையும் விட்டுவிட்டு நேராக முழு வேகத்தில் பாயும்போதுதான் பின்தொடை தசை பிடித்து இழுப்பதும் கிழிவதும் நடக்கிறது. முன்னால் வீசப்படும் காலை நிறுத்த அந்தத் தசை நீண்ட நிலையிலேயே பெரும் விசையைத் தாங்க வேண்டும்; அந்தப் பாரம் மெல்லோட்டத்தில் வருவதே இல்லை.

நீச்சலுக்கு 200 முதல் 400 மீட்டர் நிதான நீச்சல், பிறகு சில குறுகிய வேக நீச்சல்கள். ஷட்டில், டென்னிஸ் போன்றவற்றுக்கு மேற்சொன்ன அசைவுகளோடு பக்கவாட்டு ஓட்டமும், ராக்கெட்டோடு பாதி விசையில் தொடங்கும் ஸ்மாஷ்களும் சேர வேண்டும். முதல் பந்தையே ஓங்கி அடிக்கப் பாய்ந்து தோளையோ குதிகால் நாணையோ காயப்படுத்திக்கொள்பவர்கள் நிறைய.

எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று நினைத்துவிடவும் கூடாது. கனடாவில் டிராக் சைக்கிள் வீரர்களிடம் செய்து 2011இல் வெளியான ஆய்வில், வழக்கமான 50 நிமிட வார்ம்-அப்பைவிட 15 நிமிடத்து லேசான வார்ம்-அப் செய்தபோது களைப்பு குறைவாகவும் உச்ச ஆற்றல் கூடுதலாகவும் இருந்தது. வார்ம்-அப் முடியும்போது இன்னும் செய்யலாம் என்ற துடிப்பு மிஞ்சியிருக்க வேண்டும்.

இடைவெளி விடுவதும் பெரிய தவறு. நன்றாகச் சூடேற்றிவிட்டு, மெஷின் காலியாகட்டும் என்று கால் மணி நேரம் போனோடு உட்கார்ந்தால் செய்ததில் பெரும்பகுதி போய்விடும். கால்பந்து இடைவேளையில் 15 நிமிடம் உட்கார்ந்தே இருந்த வீரர்களின் தொடைத் தசை வெப்பம் சுமார் 2 டிகிரி இறங்கியது, ஓட்ட வேகமும் குறைந்தது; இடைவேளையின் கடைசி நிமிடங்களில் லேசாக ஓடியவர்களுக்கு அப்படி ஆகவில்லை. காத்திருக்க நேர்ந்தால் நடந்துகொண்டே இருங்கள். குளிர்காலத்தில் மேல்சட்டையைக் கழற்றாதீர்கள்.

காலையில் எழுந்ததும் பயிற்சி செய்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. தூக்கத்தில் முதுகெலும்புத் தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கின்றன. அதனால்தான் காலையில் நாம் ஏறத்தாழ ஒரு சதவீதம் உயரமாக இருக்கிறோம். அந்தக் கூடுதலில் பாதிக்கு மேல் எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே குறைந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் குனிந்து பாரம் தூக்குவது, சிட்-அப், தரையைத் தொடக் குனிவது எல்லாம் தட்டுகளுக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தம். அந்த நேரத்தில் நடை, மெல்லோட்டம், சைக்கிள் வைத்துக்கொள்ளலாம். டெட்லிஃப்டை மாலைக்கோ, குறைந்தது ஒரு மணி நேரத்துக்குப் பிறகோ தள்ளுங்கள்.

அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களும் ரத்த அழுத்தம், இதயப் பிரச்சினை உள்ளவர்களும் சூடேற்றும் கட்டத்தை 10 முதல் 15 நிமிடமாக நீட்ட வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையும் தள்ளக் கூடாது. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடித் துடிப்பு வழக்கமான அளவுக்கு ஏறாது, அதனால் வாட்ச் காட்டும் எண்ணை நம்பாமல் மேலே சொன்ன பேச்சுச் சோதனையையே வைத்துக்கொள்ளட்டும். ஓடினால் இழுப்பு வரும் ஆஸ்துமாக்காரர்களில் பலருக்கு, 10 முதல் 15 நிமிட வார்ம்-அப்பில் இடையிடையே 20, 30 விநாடி வேக ஓட்டங்களைச் சேர்த்தால், அதற்குப் பின் சில நேரத்துக்கு மூச்சுக்குழாய் அவ்வளவாகச் சுருங்காது. மருத்துவர் கொடுத்த இன்ஹேலருக்கு இது மாற்று இல்லை.

உண்மையிலேயே நேரம் இல்லாத நாளில் ஐந்து நிமிடமாவது: 2 நிமிடம் ஸ்கிப்பிங் அல்லது நின்ற இடத்தில் ஓட்டம், 1 நிமிடம் லஞ்சும் கை வீச்சும், 2 நிமிடம் அன்றைய முதல் பயிற்சியையே பாதி பாரத்தில். அன்று உச்ச பாரத்தைத் தொடாதீர்கள், உச்ச வேகத்தில் ஓடாதீர்கள். வார்ம்-அப்பைச் சுருக்கினால் பயிற்சியின் கடுமையும் அதே அளவு சுருங்க வேண்டும்.

வார்ம்-அப் செய்யும்போது வலி தெரிந்தால் அதைக் கவனித்துக் கேளுங்கள். பொதுவான இறுக்கம் ஐந்தாறு நிமிடத்தில் இளகிவிடும். ஒரே புள்ளியில் குத்தும் வலி, செட்டுக்குச் செட் கூடும் வலி, மூட்டு பிடித்துக்கொள்ளும் உணர்வு இருந்தால் அன்றைக்கு அந்தப் பயிற்சியை விட்டுவிட்டு வலி தராத வேறொன்றைச் செய்யுங்கள். சூடானதும் மறைந்து, பயிற்சி முடிந்து ஆறியதும் திரும்பி வரும் குதிகால் வலியோ முழங்காலுக்குக் கீழான வலியோ, தசைநாணில் கோளாறு தொடங்கியிருப்பதன் வழக்கமான அடையாளம். சூட்டில் மறைகிறதே என்று ஓட்டத்தைக் கூட்டாமல், அந்த வாரமே குறைத்துவிட்டு ஒரு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், காரணமில்லாத படபடப்பு எது வந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். சில நிமிட ஓய்வில் அடங்காவிட்டால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். அடங்கிவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்துவிட்டு, அவர் சொன்ன பிறகுதான் மறுபடி பயிற்சி.